செலவைப் பத்தி டாக்டரே முதல்ல கேக்கணும்

ஆசிரியருக்கு வணக்கம்,

கேன்சருக்கு வர்ற புது மருந்து, புது மெஷின் பத்தியெல்லாம் உங்க பேப்பர்ல நிறைய எழுதுறீங்க, நல்ல விஷயம், ஆனா அதுக்கு ஆகுற செலவைப் பத்தி நோயாளிகிட்ட யார் பேசணும், எப்ப பேசணும்னு யாரும் எழுதி நான் பாக்கல, அதான் இந்த லெட்டர்.

கீமோ ஆரம்பிக்கும்போது முடி கொட்டும், வாந்தி வரும், வாய் புண்ணாகும்னு பொறுமையா சொல்றாங்க. கடனாகும்ங்கிறதை மட்டும் சொல்றதில்ல. நோயாளியும் கேக்க மாட்டாங்க, கேட்டா மட்டமான ட்ரீட்மென்ட் கொடுத்துருவாங்களோன்னு பயம், புள்ளைங்க முன்னாடி பணப்பேச்சு எடுக்க கூச்சம். கேக்காம என்ன பண்றாங்கன்னா தினம் போட வேண்டிய மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுறாங்க, ஸ்கேனைத் தள்ளிப் போடுறாங்க. ரத்தப் புற்றுநோய்க்குப் போடுற இமாடினிப் மாதிரி மருந்தை அப்படி விட்டா நோய் திரும்பத் தலைதூக்கும், மருந்து வேலை செய்யலன்னு டாக்டர் நினைச்சு இன்னும் விலை கூடுன மருந்துக்கு மாத்துவாரு. இது எவ்வளவு கொடுமை பாருங்க!

அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்து நோயாளிகளை வச்சு 2016ல வந்த ஆய்வுல, கேன்சர் வந்து திவாலானவங்களுக்கு சாவு ஆபத்து மத்த நோயாளிகளை விட 79 சதவீதம் அதிகம்னு சொல்லியிருக்காங்க. பணப் பேச்சும் வைத்தியத்துல சேர்ந்ததுதான்.

பேசுனா செலவைக் குறைக்க வழியும் இருக்கு. எலும்புக்குப் பரவுன கேன்சர் வலிக்கு நிறைய பேருக்கு ஒரே தடவை கொடுக்குற ரேடியேஷன், பத்து தடவை கொடுக்குறதுக்கு சமமா வலியைக் குறைக்குது, சிலருக்கு மறுபடி கொடுக்க வேண்டி வரலாம், ஆனாலும் தினம் வந்து போற வண்டிச்செலவும் கூட வர்றவங்க கூலியும் மிச்சம். சில மருந்துக்கு ஜெனரிக் (அதே மருந்தை வேற கம்பெனி விலை குறைச்சு விக்கிறது), பயோசிமிலர் (உயிருள்ள செல்லுல இருந்து செய்ற மருந்துக்கு ஈடா வேற கம்பெனி செய்றது) இருக்கு.

"பணம் இருக்கா"ன்னு கேட்டா மனசு நோகும். "இந்த செலவு எல்லாருக்கும் பாரம்தான், உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு, மாத்திரையா, போக்குவரத்தா, வேலைக்குப் போகாததா"ன்னு கேட்டா வாய் திறப்பாங்க. டாக்டருக்கு அப்படிக் கேக்க முடியலன்னா, வைத்தியத்தால வர்ற பணக்கஷ்டத்தை அளக்குற 'காஸ்ட்' (COST)னு 11 கேள்வி இருக்குற ஃபார்ம் 2014லயே வந்தாச்சு, காத்திருக்குற நேரத்துல நிரப்பிடலாம். டாக்டருக்கு விலை தெரியணும்னு இல்ல, விலை தெரிஞ்ச ஆள்கிட்ட அனுப்பி வச்சாப் போதும். ஒருதடவை கேட்டு விட்டுறாம மருந்து மாத்துற ஒவ்வொரு தடவையும் கேக்கணும், ஏன்னா முதல் மருந்துக்கே நகையும் சேமிப்பும் போயிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்