தேவாலா, பந்தலூர் பொன் நினைவுகளைத் திரட்டத் துணைநின்ற அனைவருக்கும் நன்றி மடல்

தேவாலா, பந்தலூர், நாடுகாணி, சேரம்பாடி வட்டாரத்துச் சொந்தங்களுக்கும், வெளியூரிலிருந்து கைகொடுத்த நண்பர்களுக்கும் வணக்கம்.

நம் நீலகிரி மலையின் தங்கச் சுரங்க நாட்களைப் பற்றிய நினைவுத் தொகுப்பு ஒருவழியாக முழுமை பெற்று, பள்ளிக்கூட வகுப்பறையில் எல்லோர் பார்வைக்கும் வைக்கப்பட்டது. பார்க்க வந்த பலர் என்னைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அந்தப் பாராட்டு போய்ச் சேர வேண்டியவர்கள் யார் யார் என்பதை ஊரறியச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி, ஓடையில் பொன் அரிக்கத் தெரிந்த, பணியர் பழங்குடிக் குடியிருப்புப் பாட்டிக்கு. அவர் பெயரையும் ஓடையின் பெயரையும் எழுதக் கூடாது என்று கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி, மரவை என்னும் மரத்தட்டில் மணலை அள்ளி, வட்டமாகச் சுழற்றி, விளிம்பு வழியாகத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வடியவிட்டார். கூழாங்கல் போனது, வெள்ளை மணல் போனது, கடைசியில் அடியில் கருமணல் மட்டும் ஒரு கீற்றாக நின்றது. அதன் ஓரத்தில் விரலால் நீரைத் தெளித்து, கடுகில் பாதிகூட இல்லாத ஒரு மஞ்சள் துகளைத் தனியே ஒதுக்கிக் காட்டினார். எடை கனமானது அடியில் தங்கும் என்ற ஒரே விதிதான் இதில் இருக்கிறது. அந்த விதியைக் கைக்குப் பழக்க எத்தனை தலைமுறை ஆகியிருக்கும்! அம்மாவிடம் கற்றதாகச் சொன்னார், அம்மா அவருடைய அம்மாவிடம்.

வெள்ளைக்காரக் கம்பெனிகள் மலையேறும் முன்பே இந்த மக்கள் இங்கே பொன் எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். குறும்பர்களும் பணியர்களும் கல்லை வெட்டி, பாறைமேல் வைத்து இடித்துப் பொடியாக்கி, ஓடையில் அலசினார்கள். பணியர்கள் அப்போது நிலத்தோடு சேர்த்து விற்கவும் வாங்கவும் பட்டவர்கள். அவர்கள் எடுத்த பொன் அவர்கள் கையில் தங்கியதில்லை. 1831-ல் மலபார் கலெக்டராக இருந்த ஷெஃபீல்டு இந்தப் பொன்னைப் பற்றி அரசுக்கு அறிக்கை அனுப்பினார். வெள்ளைக்காரர்களின் கவனம் நம் மலைமீது இன்னும் அழுத்தமாகப் பதிந்தது.

அடுத்த நன்றி, சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தூசு படிந்த கட்டுகளைப் பொறுமையாக எடுத்துக்கொடுத்த ஊழியர்களுக்கு. மலையிலிருந்து இறங்கி வந்தவள் என்று தெரிந்ததும், நான் கேட்காத கட்டுகளையும் தேடிக் கொண்டுவந்து வைத்தார்கள். தொகுப்பின் வரலாற்றுப் பகுதி முழுவதும் அவர்கள் தயவு.

அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கண்காட்சிக்கு வர முடியாதவர்கள் நிறையப் பேர். நம் வட்டாரமும் அன்று வயநாட்டின் பகுதிதான். 1870-களில் வயநாட்டுக் காப்பித் தோட்டங்களை இலைநோய் தாக்கியது. கடனில் தத்தளித்த தோட்டக்காரர்களுக்குத் தங்கம் என்ற சொல் அப்போது எப்படி ஒலித்திருக்கும்! 1874-ல் ஆல்ஃபா கம்பெனி தொடங்கியது. அது வேலை செய்த பாறைத் தொடருக்கு ஆங்கிலத்தில் மண்டை ஓட்டுத் தொடர் என்று பெயர், அங்கே பழைய குழிகளில் மனித மண்டை ஓடுகள் கிடந்தனவாம். யாருடைய தலைகள் என்று எவரும் விசாரிக்கவில்லை, பெயர் மட்டும் வைத்தார்கள். அந்த ஒரு வரியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கிடையில் 1877-ல் நம்பாலக்கோட்டை, மூனநாடு, சேரங்கோடு என்ற மூன்று அம்சங்கள் (அன்றைய வருவாய்ப் பிரிவுகள்) மலபாரிலிருந்து பிரிக்கப்பட்டு நீலகிரியோடு சேர்க்கப்பட்டன. 1879-ல் அரசு, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்த ராபர்ட் பிரவ் ஸ்மித்தை வரவழைத்தது. மறு ஆண்டு அவருடைய அறிக்கை வெளிவந்ததும் லண்டன் பங்குச் சந்தையில் வயநாடு என்ற பெயருக்கே பணம் கொட்டியது. முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. நொடித்துக் கிடந்த காப்பித் தோட்டங்களைக் கேட்ட விலைக்கு வாங்கினார்கள். தேவாலா இந்தத் தொழிலின் நடுவிடம் ஆயிற்று. பந்தலூரில் தபால் நிலையம், ஓட்டல், கடைகள், குதிரைப் பந்தயத் திடல்கூட வந்தன. எந்திரங்கள் பேப்பூர் துறைமுகம் வரை வந்து, அங்கிருந்து நிலம்பூர் வழியாகக் கார்க்கூர் மலைப்பாதையில் மாட்டு வண்டிகளில் ஏறின. வந்து சேர்ந்தும் பூட்டப்படாமலேயே துருப்பிடித்த எந்திரங்கள் உண்டு. சில ஆண்டுகளிலேயே எல்லாம் முடிந்தது. 1901-ல் ஹேடன், ஹாட்ச் என்ற இரு வல்லுநர்கள் ஆராய்ந்து, இந்தக் கல்லில் உள்ள பொன் செலவுக்குக் கட்டாது என்று எழுதிவிட்டார்கள். அதோடு கணக்கு மூடப்பட்டது.

ஏன் முடிந்தது என்பதை எனக்குப் புரியவைத்தவர், கோலார் தங்கவயலில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, கூடலூரில் மகள் வீட்டில் இருக்கும் ஐயா. அவருக்கு என் நன்றி தனியாகவும் பெரிதாகவும் உரியது. வட ஆற்காட்டிலிருந்து கோலாருக்குப் போன குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை அவர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். 2001-ல் தங்கவயல் மூடப்பட்ட நாளைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் உடையும். நுரையீரலில் கல்தூசி படிந்திருப்பதால் நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்குவார். அப்படி இருந்தும் எங்களோடு ஜீப்பில் ஏறி தேவாலா வரை வந்தார்.

சாலையோரம் கிடந்த ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து, தண்ணீரில் நனைத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் மஞ்சளாக மினுங்கிய புள்ளிகளைக் கண்டு பிள்ளைகள் தங்கம் தங்கம் என்று கூவினார்கள். ஐயா சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். புள்ளி பொடிப்பொடியாக உதிர்ந்தது. தங்கம் என்றால் தட்டினால் தட்டையாகும், உதிராது, இது கந்தகமும் இரும்பும் சேர்ந்த கல் என்றார். பிறகு சாலையோரத் திட்டில் உட்கார்ந்து நிதானமாக விளக்கினார். மேலாக உள்ள கல்லில் மழையும் காற்றும் பட்டு அந்தக் கந்தகக் கல் கரைந்து போயிருக்கும், பொன் தனியாக நிற்கும். அந்தக் கல்லை எந்திர உலக்கைகளால் இடித்து, கூழாக்கி, பாதரசம் பூசிய செம்புத் தகடுகள்மேல் ஓடவிட்டால் பாதரசம் பொன்னைப் பிடித்துக்கொள்ளும். ஆழம் போகப் போகப் பொன் கந்தகக் கல்லுக்குள் ஒளிந்திருக்கும், பாதரசத்துக்கு அது பிடிபடாது. அதைக் கரைத்தெடுக்கும் சயனைடு முறை 1887-ல்தான் வந்தது. அதற்குள் இங்கே கம்பெனிகள் ஓய்ந்துவிட்டன. முறை வந்த பிறகும் இங்குள்ள கல்லில் போதிய பொன் இல்லை, கோலாரில் இருந்தது, அவ்வளவுதான் என்றார். நான் எத்தனையோ பக்கங்கள் படித்தும் பிடிபடாத விஷயம் அந்த ஒரு மாலையில் தெளிவாயிற்று. ஐயா, நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

சுரங்க வாயில்களைப் பார்க்கப் போனபோது எங்களை உள்ளே விடாமல் தடுத்து நிறுத்திய வனக்காவலர்களுக்கும் மனமார்ந்த நன்றி. அப்போது பிள்ளைகளுக்கு வருத்தமாக இருந்தது. உண்ணிச்செடி மூடிய செங்குத்துக் குழிகள் அங்கே எங்கே இருக்கின்றன என்று பழகியவர்களுக்கே தெரியாது. உள்ளே காற்றுப் போக்கு இல்லாத குடைவுகளில் மூச்சு முட்டும். தேவாலா மழையைப் பற்றி நமக்குச் சொல்ல வேண்டியதில்லை, தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஊறிய மண் எப்போது சரியும் என்று யார் சொல்ல முடியும்? வாயிலுக்கு வெளியே நின்றபடியே, எந்தக் குடைவு எந்தப் பக்கம் போகிறது என்று மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார்கள். தொகுப்பில் உள்ள வரைபடம் அந்தக் கோடுகளிலிருந்து வந்தது.

இந்த இடத்தில் எழுதத் தயங்கும் நன்றி ஒன்று இருக்கிறது. கைவிடப்பட்ட குடைவுகளில் திருட்டுத்தனமாகப் பொன் எடுக்கப் போய் உயிரிழந்த பிள்ளைகளின் தாய்மார்கள் சிலர் எங்களோடு பேசினார்கள். கூலி வேலை இல்லாத மாதங்களில் யாரோ சொல்லி இறங்கியவர்கள் அந்தப் பிள்ளைகள். எடுத்த கல்லை இடித்து, பாதரசம் கலந்து, அடுப்பில் காய்ச்சி விற்பார்களாம். அந்தப் புகை நரம்பைத் தின்னும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, சொன்னவர்களையும் அவர்கள் நம்பவில்லை. ஒரு தாய், நீ எழுதினால் இன்னொருத்தி பிள்ளையாவது போகாமல் இருப்பானா என்று கேட்டார். அதற்காகவே இந்தப் பகுதியைத் தொகுப்பின் நடுவில் பெரிய எழுத்தில் வைத்திருக்கிறோம். அம்மா, நீங்கள் பேசியது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியும்.

கம்பெனிக் காகிதங்களில் பங்குதாரர் பெயர் இருக்கிறது, மேலாளர் பெயர் இருக்கிறது, எத்தனை டன் கல் இடித்தார்கள் என்பதும் இருக்கிறது. மைசூர்ப் பக்கமிருந்தும் கீழ்நாட்டிலிருந்தும் ஏறி வந்த கூலிகள் மொத்தமாக ஓர் எண்ணிக்கையாகத்தான் வருகிறார்கள். மார்ச்சுக்கும் ஜூனுக்கும் இடையில் வயநாட்டுக் காய்ச்சல் கடுமையாகும், அந்த மாதங்களில் ஆட்கள் ஓடிப்போகிறார்கள் என்று முறையிடும் வரிகள் உண்டு. ஓடிப்போகாமல் இங்கேயே செத்தவர்களைப் பற்றி அந்தக் காகிதங்களில் ஒன்றுமில்லை. அவர்களைப் பற்றி எனக்குக் கிடைத்ததெல்லாம் உங்கள் வாய்வழியாக வந்தவைதான். சுரங்கக் குழி தோண்டிய கொள்ளுத்தாத்தாவைப் பற்றிச் சொன்ன மவுண்டாடன் செட்டி சமூகத்து வீட்டுப் பெரியவருக்கும், கம்பெனிக்கு அரிசி மூட்டை ஏற்றிய வண்டிக்காரக் குடும்பத்து மாப்பிள்ளை முஸ்லிம் பெரியவரான காக்காவுக்கும், தோட்டத்துக்குள் இடிந்து கிடக்கும் செங்கல் சுவர்களைக் காட்டிய காட்டுநாயக்கர் இளைஞர்களுக்கும் நன்றி. காக்கா வீட்டில் அன்று சாப்பிட்ட பத்திரி என்னும் அரிசி ரொட்டியும் மீன்கறியும் தனிக் கடன்.

இந்த வேலையை நான் ஏன் தலைமேல் போட்டுக்கொண்டேன் என்று சிலர் கேட்டார்கள். நான் சேரம்பாடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவள். 1964-ல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டு, டான்டீ என்னும் தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்க வந்தவர்கள் என் தாயும் தந்தையும். மலை மாறியது, வேலை மாறவில்லை. இந்த மண்ணில் எங்களுக்கு முன் ஏறி வந்து, கல் உடைத்து, பெயரில்லாமல் போனவர்களைக் கணக்கில் சேர்க்காமல் என் பெற்றோரின் கதையை மட்டும் எழுதிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. தோட்டத்து அக்காமார்கள் இதைச் சொல்லாமலே புரிந்துகொண்டார்கள். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, கால்வலியோடு வந்து உட்கார்ந்து, முதியவர்கள் பேசிய பேச்சையெல்லாம் எழுதி எடுக்க உதவினார்கள். அவர்களில் இருவர் பணிய மொழியும் பேசுவார்கள். அவர்கள் இல்லாவிட்டால் பாட்டி சொன்னதில் பாதி எனக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

வாடகையில் பாதியை வாங்க மறுத்த நாடுகாணி ஜீப் ஓட்டுநருக்கும், மழை நாளில் படங்களை நனையாமல் தன் கடை மாடியில் வைத்துக் காத்த பந்தலூர் மளிகைக்காரருக்கும், வகுப்பறை கொடுத்த தலைமை ஆசிரியைக்கும், அட்டைகளில் அழகாக எழுதிக் கொடுத்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் நன்றி. பிள்ளைகளே, தேவாலா அட்டையில் நீங்கள் வரைந்த மாட்டு வண்டியைத்தான் எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

தொகுப்பின் ஒரு படி பள்ளி நூலகத்திலும், ஒரு படி பணியர் குடியிருப்புப் பொது மண்டபத்திலும் இருக்கும். கோலார் ஐயா கேட்டபடி ஒரு படி தங்கவயலில் அவர் நண்பர்களுக்கும் போகிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது தவறாகப் பதிவாகியிருந்தால் பள்ளியில் தெரிவியுங்கள், திருத்திவிடலாம். பரணில் பழைய படமோ, கூலிச் சீட்டோ, துருப்பிடித்த சுரங்க விளக்கோ இருந்தால் ஒரு நாள் இரவல் தாருங்கள். படம் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருகிறோம்.

என்றும் நன்றியுடன்,
தொகுப்புக் குழுவின் சார்பில்,
சேரம்பாடித் தோட்டத்து மகள்