வெள்ளிக்கிழமை டிராஃப்டைத் திருப்பிக் கொடுங்கள்: மன்றத்து அட்டை விளையாட்டுக் குழுவின் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சமூக மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டியிருக்கும் தாளைப் படித்தேன். 'மேஜிக்: தி கேதரிங்' அட்டை விளையாட்டில் இனி எல்லா வெள்ளிக்கிழமைகளிலும் ஸ்டாண்டர்ட் போட்டி (சொந்தமாக வாங்கிக் கட்டிவந்த அட்டைக் கட்டோடு ஆடுவது) மட்டுமே நடக்கும், டிராஃப்ட் (அங்கேயே பாக்கெட் பிரித்து, கிடைக்கும் அட்டைகளால் ஆடுவது) நடக்காது என்று இரண்டு வரியில் முடித்திருக்கிறீர்கள். 2025 தொடக்கத்தில் "தற்காலிகமாக" நிறுத்தியபோது, அந்தச் சொல்லை நம்பிப் பேசாமல் இருந்தவர்களில் நானும் ஒருவன். தற்காலிகம் நிரந்தரமாகிவிட்ட பிறகு பேசாமல் இருப்பது முறையல்ல. நான் கேட்பது ஒன்றுதான்: வெள்ளிக்கிழமை டிராஃப்டைத் திருப்பிக் கொடுங்கள்.

டிராஃப்ட் நின்றதற்குக் காரணமான சண்டையை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. அன்று நீங்கள் எல்லோரும் அந்த அறையில்தான் இருந்தீர்கள். ஒருவர் தன் டெக்கில் (ஆடும் அட்டைக் கட்டில்) போடவே போகாத விலையுயர்ந்த ரேர் (அரிதான) அட்டையைத் தூக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் கத்தினார், இவரும் திருப்பிக் கத்தினார். உலகெங்கும் டிராஃப்ட் மேசைகளில் இது நடப்பதுதான். இதற்கு மருந்தும் பழையதுதான். எல்லா ரேர் அட்டைகளையும் கடைசியில் மேசையில் கொட்டி, வெற்றி பெற்றவர்கள் வரிசைப்படி ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளச் சொன்னால் போதும். யாரும் எதையும் பைக்குள் ஒளிக்க மாட்டார்கள். செயற்குழுவோ மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திவிட்டது.

டிராஃப்ட் எங்களுக்கு ஏன் முக்கியம் என்று உங்களுக்கே தெரியும், ஆனால் அறிவிப்பைப் படித்தால் மறந்துவிட்டதாகத் தோன்றுகிறது. டிராஃப்டுக்கு வருபவன் வெறுங்கையோடு வரலாம். தேசிய சேவையில் இருக்கும் பையன்கள் வெள்ளிக்கிழமை மாலை முகாமிலிருந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் பெரிய பையைச் சுமந்துகொண்டு நேரே மன்றத்துக்கு வந்ததற்கு அதுதான் காரணம். எட்டுப் பேர் வட்டமாக உட்கார்கிறார்கள். ஆளுக்கு மூன்று பாக்கெட். பிரித்து, ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு, மீதியைப் பக்கத்தில் தள்ளுகிறார்கள். முதல் பாக்கெட் இடப்பக்கம், இரண்டாவது வலப்பக்கம், மூன்றாவது மறுபடியும் இடப்பக்கம். எடுத்ததை வைத்து 40 அட்டையில் ஒரு டெக் கட்ட வேண்டும்: பெரும்பாலும் 17 லேண்ட் (மற்ற அட்டைகளை ஆடச் சக்தி தருபவை), 23 மற்றவை. வங்கி மேலாளரும் பள்ளி மாணவனும் அந்த மேசையில் ஒரே இடத்திலிருந்து புறப்படுகிறார்கள்.

அந்த மேசையில் கற்றுக்கொள்வதை வேறெங்கும் கற்க முடியாது. முதல் பாக்கெட் சுற்றில் ஐந்தாவது அட்டையை எடுக்கும்போது நல்ல சிவப்பு நிற அட்டை ஒன்று (ஒரு டெக்கில் பெரும்பாலும் ஒன்றிரண்டு நிற அட்டைகளே இருக்கும்) இன்னும் கிடக்கிறது என்றால், வலப்பக்கம் இருக்கும் நால்வரும் அதைப் பார்த்துவிட்டு விட்டிருக்கிறார்கள். அவர்கள் சிவப்புக்குப் போகவில்லை என்று ஊகிக்கலாம். நாம் இடப்பக்கம் என்ன தள்ளுகிறோமோ அதற்கான பலன் இரண்டாவது பாக்கெட்டில் நம்மிடமே திரும்பும், ஏனென்றால் அப்போது கொடுக்கும் கை அந்தப் பக்கத்துக் கை. ஒரு பாக்கெட்டில் 14 அட்டை. நாம் முதலில் பிரித்தது எட்டுப் பேரைச் சுற்றி நம்மிடம் மறுபடி வரும்போது ஆறு மிஞ்சியிருக்கும். காணாமல் போன அட்டைகள்தான் அந்த மேசையின் வரைபடம். முதலில் எடுத்த அட்டையின்மீது எவ்வளவு ஆசை இருந்தாலும், நிறம் ஒத்துவரவில்லை என்றால் மூன்றாவது பாக்கெட்டில் அதை விட்டுவிடும் மனம் வேண்டும். இணையத்தில் யாரோ கட்டிய 60 அட்டைப் பட்டியலைப் பார்த்து, விற்பவரிடம் பணம் கொடுத்து வாங்கிவந்து ஆடுபவருக்கு இந்தப் பாடங்கள் கிடைப்பதில்லை. ஸ்டாண்டர்டிலும் திறமை உண்டு, மறுக்கவில்லை. ஆட்டங்களுக்கு இடையே மாற்றிக்கொள்ளப் பக்கவாட்டில் வைக்கும் 15 அட்டைகளைத் தேர்வு செய்வதே ஒரு கலை. ஆனால் அந்தக் கலையைக் காட்டும் மேடையில் ஏறுவதற்கே நுழைவுச் சீட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

அந்த நுழைவுச் சீட்டின் விலை என்ன என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நீங்கள் எல்லோரும் அறிந்த பையன்தான், பெயர் வேண்டாம். உயர்நிலைப் பள்ளி மாணவன், டிராஃப்ட் மேசையில் நம்மில் பலரை அலட்சியமாக வென்றவன். டிராஃப்ட் நின்றதும் அவனுக்கு நீங்கள் சொன்ன அறிவுரை "ஒரு நல்ல டெக் கட்டிக்கொள் தம்பி" என்பது. ஸ்டாண்டர்டில் ஓர் அட்டை மூன்று ஆண்டு செல்லுபடியாகும்படி 2023இல் விதியை மாற்றிவிட்டார்கள், ஒருமுறை வாங்கினால் கவலையில்லை என்று விளக்கமும் தந்தீர்கள். பையன் நம்பினான். 2025 ஜூன் விடுமுறையில் உணவங்காடிக் கடை ஒன்றில் தட்டு கழுவினான். கிடைத்த பணத்தில் சிவப்பு-நீல டெக் ஒன்றைக் கட்டத் தொடங்கினான். அந்த டெக்கின் உயிர்நாடி கோரி-ஸ்டீல் கட்டர் என்ற அட்டை, அதில் நான்கு பிரதிகள் வாங்கினான். அதோடு பணம் தீர்ந்துவிட்டது. ஆட்டத்தின் தொடக்கத்திலேயே இரண்டு நிறச் சக்தியையும் தடையில்லாமல் கொடுக்கும் ஸ்பயர்பிளஃப் கெனால் போன்ற ரேர் லேண்டுகளை வாங்க முடியவில்லை. களத்தில் சாய்ந்தபடி வரும் மலிவான லேண்டுகளைப் போட்டுக்கொண்டான். அப்படி வரும் லேண்டை, அதை இறக்கிய முறையில் (நம் ஆடும் வாய்ப்பில்) பயன்படுத்த முடியாது. அது ஒரு முறைதானே என்று தோன்றலாம். எதிரில் இருப்பவர் வேகமான சிவப்பு டெக் வைத்திருந்தால், நான்காவது முறையில் ஆட்டமே முடிந்துபோகும். அந்தப் பையன் எங்கே தவறு செய்தான் என்று தேடிக்கொண்டு ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் தன் குறிப்பேட்டைப் புரட்டுவான். தவறு குறிப்பேட்டில் இல்லை, அவன் பணப்பையில் இருந்தது.

ஜூன் 30 அன்று ஸ்டாண்டர்டில் ஏழு அட்டைகளுக்குத் தடை வந்தது. கோரி-ஸ்டீல் கட்டர் அவற்றில் ஒன்று. ஏப்ரலில் வெளிவந்த அட்டை ஜூன் முடிவதற்குள் போய்விட்டது. மூன்று ஆண்டு என்றீர்கள், மூன்று மாதம்கூட வரவில்லை. அந்தத் தடை சரியானது, அட்டை அளவுக்கு மீறி வலுவாக இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த நாளில் தடை அறிவிப்பு வரும் என்பது முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டிருந்தது. போட்டி டெக் பற்றி மாதக் கணக்கில் அறிவுரை சொன்ன நம் குழுவில் ஒருவருக்குக்கூட, "பொறு தம்பி, மாதம் முடியட்டும்" என்று சொல்லத் தோன்றவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவன் வந்தபோது, தடையும் விளையாட்டின் பகுதிதான் என்று உங்களில் ஒருவர் தோளைத் தட்டிச் சொன்னார். தட்டு கழுவியது அவர் கை அல்லவே. அதன்பிறகு அவன் வருவதில்லை.

மன்றங்களுக்கு இடையிலான போட்டிக்கு நம் ஆட்களைத் தயார் செய்கிறோம், அதற்கு ஸ்டாண்டர்ட் பயிற்சி தேவை என்பது உங்கள் முக்கியமான வாதம். தயார் செய்வது நல்லதுதான். ஆனால் இந்த விளையாட்டின் உச்சப் போட்டிகளில் ஒன்றான புரோ டூரில் முதல் இரண்டு நாளும் காலையில் மூன்று சுற்று டிராஃப்ட்தான் நடக்கிறது. அதன்பிறகுதான் கட்டிக் கொண்டுவந்த டெக்குகளை எடுக்க விடுகிறார்கள். உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர்களுக்கே தேவைப்படும் பயிற்சி, நம் மன்றத்து அணிக்கு மட்டும் எப்படித் தேவையற்றதாகிப்போனது? நம் அணி எந்த உயரத்துக்கு அப்பால் போய்விட்டது என்று தெரிவித்தால் நாங்களும் பெருமைப்படுவோம்.

1993இல் வெளிவந்த இந்த விளையாட்டை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டு, ஒருவர் சில பாக்கெட்டுகள் வாங்கி, கிடைத்ததை வைத்து நண்பர்களோடு ஆடுவார் என்றுதான் எண்ணினார். இன்று நிலைமை என்ன? 2025இல் மட்டும் ஸ்டாண்டர்டுக்கு ஆறு புதிய அட்டைத் தொகுப்புகள். அவற்றில் பாதி பிறர் வீட்டுக் கதை: ஜூனில் ஃபைனல் ஃபேன்டசி, செப்டம்பரில் ஸ்பைடர்-மேன், நவம்பரில் அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர். பிப்ரவரியில் 5.49 டாலர் என்றிருந்த ஒரு பாக்கெட்டின் அமெரிக்கப் பரிந்துரை விலை ஃபைனல் ஃபேன்டசிக்கு 6.99 ஆனது. டிராகனும் சூனியக்காரியும் மோதிக்கொண்டிருந்த களத்தில் சிலந்தி மனிதன் வலை பின்னுகிறான். நாளை பல்பொடி விளம்பரத்து முயலும் ஒரு சிறப்புப் பதிப்பில் வந்தால் நான் வியக்க மாட்டேன், அதிலும் நான்கு பிரதி வாங்கச் சொல்லி நம் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்பட்டிருக்கும். மன்னிக்க வேண்டும். இவையெல்லாம் உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். உங்கள் கையில் இருப்பது வெள்ளிக்கிழமை மாலை. அதைப் பற்றித்தான் கேட்கிறேன்.

பாக்கெட் விலை ஏறிவிட்டது, டிராஃப்டும் செலவுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. புதிய பாக்கெட்டே வாங்காமல் டிராஃப்ட் நடத்தலாம். மன்றத்து இரும்பு அலமாரியில் பல ஆண்டுகளாக டிராஃப்டுக்குப் பிறகு யாரும் எடுத்துப்போகாத காமன் (சாதாரண) அட்டைகள் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. அவற்றிலிருந்து நிறத்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு 360 அட்டைகளைப் பொறுக்கினால் ஒரு கியூப் (திரும்பத் திரும்ப டிராஃப்ட் செய்யும் அட்டைத் திரட்டு) தயார். எட்டுப் பேர், ஆளுக்கு 15 அட்டை வீதம் மூன்று கட்டு, கணக்கு சரியாக வருகிறது. ஆட்டம் முடிந்ததும் அட்டைகள் அலமாரிக்குத் திரும்பிவிடும். பைக்குள் ஒளிக்க ரேரும் இல்லை, சண்டையும் இல்லை. பொறுக்கிக் கொடுக்க நானும் இன்னும் சிலரும் தயாராக இருக்கிறோம். அலமாரிச் சாவி மட்டும் வேண்டும்.

நேரம் போதாது என்பதும் ஒட்டவில்லை. 50 நிமிடச் சுற்றுகள் நான்கு ஆடும் ஸ்டாண்டர்ட் போட்டிக்கு 200 நிமிடம் பிடிக்கிறது. டிராஃப்டில் மூன்று சுற்றுக்கு 150, அட்டை எடுத்து டெக் கட்ட ஏறத்தாழ ஒரு மணி நேரம். வித்தியாசம் தேநீர் குடிக்கும் நேரம். எட்டுப் பேர் சேரவில்லை என்றால் நால்வர் போதும், ஒவ்வொரு முறையும் இரண்டிரண்டு அட்டையாக எடுக்கலாம். நான் மேலே கேலி செய்த அந்த ஸ்பைடர்-மேன் தொகுப்போடு வந்த முறைதான் இது. நல்லதை யாரிடமிருந்தும் எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்டாண்டர்டை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்கென்று உழைத்து டெக் கட்டியவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய மாலையைப் பறிக்க எனக்கு உரிமையில்லை. மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை உங்களுக்கு, இரண்டு எங்களுக்கு. ஐந்தாவது வெள்ளிக்கிழமை வரும் மாதங்களில் அதையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் வெள்ளிக்கிழமை டிராஃப்டை ஒரு பொருளாகச் சேர்க்கும்படி மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். டிராஃப்ட் ஆடியவர்களில் இருவரையாவது அந்தக் கூட்டத்தில் பேச அனுமதியுங்கள். முடிவு எதுவானாலும், இம்முறை காரணத்தையும் சேர்த்துப் பலகையில் ஒட்டுங்கள். முடிவு எங்களுக்குச் சாதகமாக இருந்தால், அந்தப் பையனுக்குச் செய்தி சொல்லும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

இப்படிக்கு,
குழுவின் பழைய உறுப்பினர்களில் ஒருவன்