ஒரு பக்கத்தை மீண்டும் புத்தகத்தில் சேர்த்தவர்களுக்கு

மதிப்பிற்குரிய தமிழ்ப் பள்ளிப் பெற்றோருக்கும், துணை நின்ற நண்பர்கள் அனைவருக்கும்,

வணக்கம். ஐந்து மாதங்களாக வெளியே வைக்கப்பட்டிருந்த ஈரானில் கழிந்த தன் சிறுவயதை மர்ஜானே சத்ரபி வரைந்து சொல்லும் ‘பெர்சபோலிஸ்’ சித்திர நாவல், கடந்த வாரம் எங்கள் மகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளியின் நூலகத்துக்குத் திரும்பிவிட்டது. பள்ளி வாரியக் கூட்டத்தில் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் கிடைத்த முடிவு அது. அந்த ஒரு வாக்குக்காக எத்தனை பேர் தங்கள் மாலை நேரத்தையும் விடுமுறை நாளையும் கொடுத்தீர்கள் என்பதை அருகிலிருந்து பார்த்தவர்கள் நாங்கள். நூலகருக்கும் வழக்கறிஞருக்கும் ஆங்கிலத்தில் தனித்தனியே எழுதிவிட்டோம். ஒஹாயோவின் இந்தச் சிற்றூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் செய்த உதவியைத் தமிழிலேயே, எல்லோரும் அறியச் சொல்ல வேண்டும் என்பதற்காக இம்மடலை எழுதுகிறேன்.

நடந்ததை முழுதாக அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். புகார் ஒரே ஒரு பக்கத்தின் ஒளிநகலுடன் வந்தது. ஈரானில் மன்னராட்சி வீழ்ந்ததும் சிறையிலிருந்து விடுதலையான இரண்டு பேர், பத்து வயதுச் சிறுமியின் வீட்டுக்கு வந்து, தாங்கள் பட்ட சித்திரவதையைப் பெரியவர்களிடம் சொல்கிறார்கள். சாட்டையடியும், முதுகில் வைத்த சூடும் அந்தப் பக்கத்தில் சிறுசிறு கட்டங்களாக வரையப்பட்டிருக்கின்றன. அந்த ஒளிநகல் கைபேசி வழியே ஊர் முழுக்கச் சுற்றியது. அதைப் பார்த்த யாருக்கும் அது அச்சமூட்டும் படமாகத்தான் தெரிந்திருக்கும். எனக்கும் முதலில் அப்படித்தான் தெரிந்தது. புத்தகத்தைக் கையில் எடுத்துப் படித்த பிறகுதான், அந்தச் சிறுமி தன் வீட்டு இஸ்திரிப் பெட்டியைத் திரும்பிப் பார்க்கும் கட்டம் கண்ணில் பட்டது. இந்தப் பொருளை இதற்கும் பயன்படுத்துவார்களா என்று அவள் திகைத்து நிற்கிறாள். துண்டு துண்டாக வெட்டிக் கொல்லப்பட்ட ஒருவரைப் பற்றிக் கேள்விப்படும்போது, ரத்தமும் சதையுமாக எதையும் அவளால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. உள்ளே கூடான பொம்மையின் கைகால்களைப் போலத்தான் அவள் மனத்தில் அது தோன்றுகிறது, அப்படியே வரையப்பட்டும் இருக்கிறது. கொடுமையைக் காட்டும் பக்கமாகச் சுற்றிவந்தது, உண்மையில் ஒரு குழந்தையால் கொடுமையைக் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை என்று சொல்லும் பகுதி.

படக்கதைக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. உரைநடை நாவலைக் குற்றம் சொல்ல வேண்டுமானால் சில வரிகளையாவது படித்தாக வேண்டும். படத்தை ஒரு நொடி தூக்கிக் காட்டினாலே போதும், தீர்ப்பு எழுதிவிடலாம். நீங்கள் ஒவ்வொருவரும் உங்களால் இயன்ற வழியில் செய்த வேலை, பிய்த்தெடுக்கப்பட்ட அந்த ஒரு பக்கத்தை மீண்டும் புத்தகத்தோடு சேர்த்து வைத்ததுதான்.

முதல் நன்றி பள்ளி நூலகருக்கு. புகார் வந்தால் பரிசீலனை முடியும்வரை நூல் அலமாரியிலேயே இருக்க வேண்டும் என்பது கல்வி மாவட்டத்தின் சொந்த விதி. அதை மீறிப் புத்தகத்தை முதலில் எடுத்துவிட்டு, குழுவைப் பிறகு அமைத்தார்கள். வேலைக்கு ஆபத்து வரும் என்று தெரிந்தே, அந்த விதியைச் சுட்டிக்காட்டி எழுத்துமூலம் மேலிடத்துக்குத் தெரிவித்தவர் அவர். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் எங்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பும் கிடைத்திருக்காது.

அடுத்து, கடைத்தெருவில் நாற்பது ஆண்டுகளாகக் காமிக்ஸ் கடை நடத்திவரும் பெரியவர். தன் கடையின் பின்னறையைக் கூட்டங்களுக்குத் திறந்துவிட்டு, இந்நாட்டில் படக்கதைகள் பட்ட பாட்டை எங்களுக்கு எடுத்துச் சொன்னவர் அவர்தான். படக்கதைகள் சிறுவர்களைக் கெடுக்கின்றனவா என்று 1954-ஆம் ஆண்டு நடந்த செனட் துணைக்குழு விசாரணைக்குப் பிறகு, பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ‘காமிக்ஸ் நெறிமுறை’ என்ற தணிக்கை விலங்கைப் பூட்டிக்கொண்டார்கள். அதன் முத்திரை அட்டையில் இல்லாத இதழைக் கடைகளுக்கு அனுப்ப விநியோகஸ்தர்கள் தயங்கினார்கள். நிறவெறியைக் கண்டிக்கும் ஒரு கதையை இ.சி. என்ற காமிக்ஸ் பதிப்பு நிறுவனம் மறுபதிப்புச் செய்ய முனைந்தபோது, கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றும் விண்வெளி வீரர் கறுப்பினத்தவராக இருப்பதற்கும், அவர் முகத்தில் வியர்வைத் துளிகள் மின்னுவதற்கும் நெறிமுறை அலுவலகம் ஆட்சேபம் தெரிவித்தது. பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் பணியாமல் 1956-இல் கதையை மாற்றமின்றியே அச்சிட்டார். பெரியவர் அந்தக் கட்டத்தின் மறுபதிப்பை மேசைமேல் விரித்து, ஒரு வியர்வைத் துளியின்மீது விரலை வைத்து, “இதற்குத்தான் பயந்தார்கள்” என்றார். எங்கள் மகள் அன்றிரவு வீட்டுக்கு வந்தும் அந்தத் துளியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

இலினாய் மாநிலத்தின் லான்சிங் நகரில், 1986-ஆம் ஆண்டு இறுதியில், ‘ஃப்ரெண்ட்லி ஃப்ராங்க்ஸ்’ என்ற கடையின் மேலாளர் ஆபாசமான காமிக்ஸ் விற்றதாகக் கைதான கதையையும் அவரே சொன்னார். பதிப்பாளர் டெனிஸ் கிச்சன் ஓவியர்களிடம் படங்கள் கேட்டு வாங்கி, தொகுப்பாக விற்று, வழக்குச் செலவுக்குப் பணம் திரட்டினார். கீழ் நீதிமன்றம் தண்டித்தாலும் மேல்முறையீட்டில் 1989-இல் அத்தீர்ப்பு ரத்தானது. மீந்த பணத்திலிருந்து பிறந்ததே காமிக் புத்தகச் சட்டப் பாதுகாப்பு நிதியம். பிற்காலத்தில் நெறிமுறை முற்றிலும் கைவிடப்பட்டபோது, 2011-இல் அந்தப் பழைய முத்திரையின் உரிமையே இந்த நிதியத்தின் கைக்கு வந்து சேர்ந்தது. யாரைக் கட்டுப்படுத்த அந்த முத்திரை உருவானதோ, அவர்களுக்காக வாதாடுகிறவர்களிடமே அது இன்று இருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. சித்திர நாவல்களை வகுப்பறையில் பயன்படுத்துவது பற்றி நிதியம் வெளியிட்ட கையேடுகளை வைத்தே பரிசீலனைக் குழுவுக்கான எங்கள் மனுவை எழுதினோம்.

கட்டணம் எதுவும் வாங்காமல் மூன்று வார இறுதிகளை எங்களோடு கழித்த வழக்கறிஞருக்கு எங்கள் நன்றி. பள்ளி வாரியங்கள் ஒரு நூலின் கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் அதை நூலகத்திலிருந்து அகற்றக் கூடாது என்று 1982-ஆம் ஆண்டு பிக்கோ வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சிலர் எழுதியதை அவர் விளக்கினார். அவ்வழக்கில் பெரும்பான்மைக் கருத்து ஒன்று உருவாகவில்லை என்பதால் அதை மட்டும் நம்பி நீதிமன்றத்துக்கு ஓட வேண்டாம் என்றும் எச்சரித்தார். ஆபாசம் என்று ஒன்றைத் தீர்மானிப்பதற்குக்கூடப் படைப்பை முழுமையாகக் கொண்டு பார்க்க வேண்டும் என 1973-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்று அவர் சுட்டிக்காட்டியதுதான் எங்கள் மனுவின் முதல் பத்தியானது. நாங்கள் கேட்டதும் அவ்வளவுதான்: வாக்களிக்கும் முன் முழுதாகப் படியுங்கள்.

இனி, இம்மடலை எழுதத் தூண்டியவரைப் பற்றி. தமிழ்ப் பள்ளிப் பெற்றோரில் பலர் முதலில் கையெழுத்திடத் தயங்கினார்கள். விசாவில் இருப்பவர்களுக்கு இந்த அச்சம் நியாயமானதே. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்த நேரத்தில் பேரப்பிள்ளைகளைப் பார்க்க மதுரையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, இந்நூலின் தமிழ் மொழிபெயர்ப்பை ஊரிலிருந்து வந்த உறவினரிடம் சொல்லி வரவழைத்து, மூக்குக் கண்ணாடியை உயர்த்தி உயர்த்தி இரண்டே நாளில் படித்து முடித்தார். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து பெற்றோர் தேநீருக்காக நின்றிருந்தபோது, அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டி, “அடிபட்டவனைக் காட்டாம, அடிச்சவனை எப்படிப்பா தப்புன்னு சொல்றது?” என்று கேட்டார். யாரும் உடனே பதில் சொல்லவில்லை. அன்று மாலைக்குள் இருபத்திரண்டு கையெழுத்துகள் சேர்ந்தன. சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸைப் படித்து வளர்ந்த அப்பாக்கள் சிலர், முதன்முறையாக வாரியக் கூட்டத்தில் ஒலிபெருக்கி முன் நின்று தங்களுக்கான மூன்று நிமிடத்தில் பேசினார்கள். குரல் நடுங்கியும் நிறுத்தாமல் பேசிய உங்கள் ஒவ்வொருவரையும் நான் மறக்க மாட்டேன்.

இதே நூலை 2013 மார்ச்சில் சிகாகோ பள்ளிகளிலிருந்து எடுக்க உத்தரவு வந்தபோது, லேன் டெக் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தெருவுக்கு வந்து எதிர்த்தார்கள். நூலகங்களில் நூல் இருக்கலாம் என்று நிர்வாகம் விரைவிலேயே தெளிவுபடுத்தியது. அந்தச் செய்தியைத் தேடிப் படித்து, தங்கள் பள்ளியிலும் மதிய உணவு நேரத்தில் வாசிப்பு வட்டம் தொடங்கிய பிள்ளைகளுக்கு என் அன்பு. பரிசீலனைக் குழுவில் முதலில் நீக்கத்தை ஆதரித்து, நூலை முழுதும் படித்த பின் கருத்தை மாற்றிக்கொண்ட உறுப்பினருக்கும் மனமார்ந்த நன்றி. அப்படிச் செய்வது எளிதல்ல. நூலகத்துக்குத் திரும்பினாலும், கல்வி மாவட்டத்தின் எட்டாம் வகுப்புப் பாடப் பட்டியலில் நூல் இன்னும் மீண்டும் சேர்க்கப்படவில்லை. அதற்கான மனுவை அடுத்த பருவத்தில் அளிக்க இருக்கிறோம்.

மதுரை அம்மா போன மாதம் ஊருக்குத் திரும்பும்போது தன் தமிழ்ப் பிரதியை எங்களிடமே விட்டுச் சென்றார். தமிழ்ப் பள்ளியின் சிறிய அலமாரியில் மேல்தட்டில் வைத்திருக்கிறோம். வேண்டியவர்கள் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டு எடுத்துச் செல்லலாம்.

நன்றியுடனும் அன்புடனும்,
பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்