அந்தச் சாம்பல் மேடுகளைக் காப்பாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் அந்தியூர்க்காரன், முப்பது வருஷம் லாரி ஓட்டியவன். பல்லாரியிலிருந்து ஹொசப்பேட்டைக்குப் போகும்போது குடதினி பக்கம் ரோட்டோரமாக ஒரு சாம்பல் மேடு இருக்கும். அசுரனை எரித்த சாம்பல் என்று டீக்கடையில் சொன்னார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அது மாட்டுச் சாணம். நாலாயிரம், ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னால் மாடு மேய்த்தவர்கள் பட்டி போட்ட இடம். சேர்ந்த சாணத்தை அவ்வப்போது கொளுத்தியிருக்கிறார்கள். சில இடங்களில் சூட்டில் உருகி, கொல்லன் உலைச் சிட்டம் போல இறுகிக் கிடக்கிறது. பல்லாவரத்தில் 1863-ல் கற்கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்தான் இதையும் சாணம் என்று அடித்துச் சொன்னவர்.

1957-ல் இன்றைய தெலங்கானாவில் உள்ள உட்னூரில் இதே மாதிரி ஒரு சாம்பல் மேட்டை ரேமண்ட் ஆல்ச்சின் என்ற தொல்லியல் ஆய்வாளர் தோண்டினார். பட்டியைச் சுற்றிக் கட்டை நட்ட குழிகள் வரிசையாகக் கிடைத்தன. அப்புறம் மாட்டுக் குளம்புத் தடம்! அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. சின்ன வயதில் அப்பாவோடு பர்கூர் மலைக்கு மாடு வாங்கப் போவேன். மழை விட்ட காலையில் பட்டிக்குள் செம்மறை மாடுகளின் குளம்புக் குழியெல்லாம் தண்ணீர் நிற்கும். நாலு நாள் வெயில் அடித்தால் அப்படியே கெட்டியாகிவிடும், அதில் காலை வைத்து வைத்து விளையாடுவேன். அதே தடம் அத்தனை ஆயிரம் வருஷம் சாம்பலுக்குள் இருந்திருக்கிறது.

கர்நாடகத்துப் புதிஹாளில் பேராசிரியர் பத்தய்யா தோண்டியபோது, பட்டியை ஒட்டியே ஆட்கள் குடியிருந்த இடமும், மாடு அறுத்த தளமும் தெரிந்தன. வெறும் சாணக்குவியல் இல்லை, ஊர் அது.

கடைசியாக அந்தப் பக்கம் போனபோது வேறொரு ஊரில் டிராக்டரில் இந்தச் சாம்பலை வாரிக்கொண்டிருந்தார்கள். வயலுக்கு நல்ல உரமாம். அந்த விவசாயியைக் குறை சொல்ல மாட்டேன், அவரிடம் யாருமே விவரம் சொல்லியிருக்கவில்லை. மேட்டில் பாதி போயிருந்தது.

மிச்சமுள்ள மேடுகளுக்கு வேலி போட்டு, அந்தந்த ஊர் மொழியில் பலகை வைக்க வேண்டும். சாம்பலுக்குப் பதிலாக விவசாயிக்கு வேறு உரம் கொடுத்தாலும் தகும். கோட்டைக்கும் தங்கத்துக்கும் முழுப் பக்கம் ஒதுக்குகிற நீங்கள், இந்த மாட்டுக்காரர்களைப் பற்றியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர்,
அந்தியூர்