தலையில் அடிபட்ட மாணவனுக்கு அன்று ஆட்டம் இல்லை: நடுவருக்கு எழுத்தில் அதிகாரம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தில் பள்ளிகளுக்கிடையிலான குறுவட்ட விளையாட்டுப் போட்டிகள், தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தும் ஓயாமலும் இருக்கும் நாட்களில்தான் பெரும்பாலும் நடக்கின்றன. ஈரம் காயாத செம்மண் தரையில் கால்பந்தும் கபடியும் ஆடும் மாணவர்கள் வழுக்கி விழுவதும் மோதிக்கொள்வதும் தவிர்க்க முடியாதவை. கை, கால் முறிந்தால் என்ன செய்வது என்பது உடற்கல்வி ஆசிரியர்கள் அனைவருக்கும் தெரியும். ஆனால் தலையில் பலமாக அடிபட்டு, ரத்தம் சிந்தாமல், எழுந்து நின்று “எனக்கு ஒண்ணுமில்ல சார்” என்று சொல்லும் மாணவனை என்ன செய்வது என்பது பற்றி, உடற்கல்வித் துறையில் நான் பணியாற்றிய காலம் முழுவதும் என் கைக்கு வந்த எந்தப் போட்டிச் சுற்றறிக்கையிலும் ஒரு வரிகூட இருந்ததில்லை. வயது வரம்பு, சீருடை, மேல்முறையீட்டுக் கட்டணம் ஆகியவை பற்றியெல்லாம் விரிவாக எழுதப்பட்டிருந்தன. இந்தக் குறையை வரும் போட்டிகளுக்கு முன்பாகவே நீக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இம்மாவட்டத்தில் நடந்த ஒரு கால்பந்து அரையிறுதியை எல்லைக்கோட்டின் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கார்னரிலிருந்து வந்த பந்துக்கு இரண்டு மாணவர்கள் ஒரே நேரத்தில் எம்பியதில் ஒருவனுடைய நெற்றி மற்றவனுடைய பொட்டில் இடித்தது. இடித்தவன் உடனே எழுந்துவிட்டான். அடிபட்டவன் கையை ஊன்றிச் சற்று நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து, எதிரணியின் பாதியை நோக்கி நடந்தான். பயிற்சியாளர் ஓடிச்சென்று அவன் தலையில் தண்ணீரை ஊற்றி, “ஒண்ணுமில்ல மக்கா, ஓடு” என்று முதுகில் தட்டினார். “சார், தலை கறங்குது” என்று அவன் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. இருந்தும் ஆட்டம் முடியும்வரை ஆடினான். இடையில் தன் அணியின் கோல்கீப்பரிடம் ஸ்கோர் என்ன என்று ஒருமுறை கேட்டவன், சிறிது நேரத்தில் அதையே மறுபடியும் கேட்டான். வேனில் ஏறும்போது வாந்தி எடுத்தான். வெயிலும் வெறும் வயிறும்தான் காரணம் என்று உடனிருந்தவர்கள் முடிவு செய்துகொண்டார்கள். நல்லவேளையாக அந்த மாணவனுக்குப் பெரிய கேடு நேரவில்லை. பல நாட்கள் தலைவலியோடு பள்ளிக்கு வந்தான் என்று பின்னர் அறிந்தேன். அந்தப் பயிற்சியாளர் கல்நெஞ்சர் அல்லர். வசதியில்லாத மாணவர்களுக்குத் தம் சம்பளத்திலிருந்து பூட்ஸ் வாங்கிக் கொடுப்பவர். அவ்வளவு பரிவுள்ளவரே அப்படிச் செய்தார் என்றால், அவருக்கு எவரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதே பொருள்.

அன்று அந்த மாணவனிடம் தெரிந்தவை அனைத்தும் மூளை அதிர்ச்சியின் பாடப்புத்தக அறிகுறிகள். தலையிலோ முகத்திலோ கழுத்திலோ படும் அடியால், சில வேளைகளில் உடம்பில் விழும் பலத்த இடியால்கூட, மண்டையோட்டுக்குள் மூளை குலுங்குவதால் இது உண்டாகிறது. நினைவு தப்பினால்தான் ஆபத்து என்று நம் மைதானங்களில் இன்றும் பலர் நினைக்கிறார்கள். விளையாட்டில் ஏற்படும் மூளை அதிர்ச்சிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் நினைவு தப்புவதே இல்லை. அதேபோல், “ஸ்கேன் எடுத்தாச்சு, ஒண்ணுமில்ல” என்பதும் மறுநாளே ஆடவிடுவதற்கான அனுமதிச் சீட்டு அன்று. மண்டை ஓட்டு முறிவையும் ரத்தக்கசிவையும் கண்டறிவதற்கே சி.டி. ஸ்கேன் எடுக்கப்படுகிறது, மூளை அதிர்ச்சி அதில் தெரிவதில்லை. அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ தலைகாட்டுவதும் உண்டு.

ஒருமுறை குலுங்கிய மூளை தேறுவதற்கு முன் மீண்டும் ஓர் அடி விழுந்தால், அது சிறிய அடியாகவே இருந்தாலும், மூளை திடீரென்று வீங்கி உயிருக்கே உலை வைத்துவிடக்கூடும். இது அரிதாகவே நடக்கிறது. ஆனால் நடப்பது பெரும்பாலும் பதின்வயதினருக்குத்தான். 2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சக்கரி லிஸ்டெட் என்ற 13 வயது மாணவன், பள்ளி அமெரிக்கக் கால்பந்துப் போட்டியின் முதல் பாதியில் தலையில் அடிபட்டபின் இரண்டாம் பாதியில் மீண்டும் களமிறங்கினான். ஆட்டம் முடிந்ததும் சரிந்து விழுந்தவனுக்கு மூளை அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. பேசவும் நடக்கவும் மீண்டும் கற்றுக்கொள்ள அவனுக்கு ஆண்டுகள் பிடித்தன. 2011இல் வட அயர்லாந்தில் பெஞ்சமின் ராபின்சன் என்ற 14 வயது மாணவன், பள்ளி ரக்பி ஆட்டம் ஒன்றில் அடிபட்ட பிறகும் தொடர்ந்து ஆடி உயிரிழந்தான். ஒரே ஆட்டத்துக்குள் மறுபடியும் ஆடவிட்டதுதான் இரு நிகழ்வுகளிலும் பொதுவானது.

லிஸ்டெட்டின் பெயரில் வாஷிங்டன் மாநிலம் 2009இல் இயற்றிய சட்டத்தின் உள்ளடக்கம் மிக எளியது. ஒவ்வோர் ஆண்டும் மாணவரும் பெற்றோரும் தலைக்காயம் குறித்த தகவல் தாளைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் எழுந்தாலே மாணவரை ஆட்டத்திலிருந்து வெளியேற்ற வேண்டும். பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர் எழுத்தில் அனுமதிக்கும்வரை மீண்டும் ஆடவிடக் கூடாது. 2014க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் வந்துவிட்டன. ஐக்கிய இராச்சியம் 2023இல் அடிமட்ட விளையாட்டுகள் அனைத்துக்குமான வழிகாட்டுதலை வெளியிட்டது. நமக்கு நெருக்கமான கிரிக்கெட்டிலும், மூளை அதிர்ச்சிக்கு உள்ளானவருக்கு மாற்று வீரரை இறக்கும் விதியைச் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் 2019 ஆகஸ்டில் கொண்டுவந்தது. அதே மாதம் லார்ட்ஸ் டெஸ்டில் ஸ்டீவ் ஸ்மித்துக்குப் பதிலாக லபுஷேன் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்த நம் மாணவர்களுக்குக்கூட இந்த விதி தெரியும். அவர்கள் ஆடும் போட்டிகளில்தான் அது இல்லை.

இந்தச் சட்டங்கள் அனைத்திலும் எனக்கு முதன்மையாகப் படுவது, ‘சந்தேகம் எழுந்தாலே வெளியேற்றுதல்’ என்ற ஒரு கூறு. நோய் என்ன என்று கண்டறிவது மருத்துவரின் வேலை. சந்தேகப்படுவது களத்தில் நிற்பவரின் வேலை. அடிபட்டவன் தாமதமாக எழுந்தாலோ, தள்ளாடினாலோ, வெறித்துப் பார்த்தாலோ, தலையைப் பிடித்துக்கொண்டாலோ, கேட்டதையே திரும்பக் கேட்டாலோ போதும், அவனுக்கு அன்று ஆட்டம் இல்லை. இது எந்த மைதானம், இப்போது நடப்பது எந்தப் பாதி, கடைசியாகக் கோல் போட்டது யார், இதற்கு முந்தைய ஆட்டத்தில் யாரோடு மோதினீர்கள், அதில் ஜெயித்தீர்களா என்ற கேள்விகளை உலகெங்கும் களத்திலேயே கேட்கிறார்கள். ஒன்றுக்குத் தவறான பதில் வந்தாலும் வெளியேற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டதால் மட்டுமே உள்ளே விட்டுவிடவும் கூடாது.

இங்கேதான் நம் குறுவட்டப் போட்டிகளின் அமைப்பு குறுக்கே நிற்கிறது. இப்போட்டிகளில் விசில் பிடிப்பவர் தனியாக வந்த தொழில்முறை நடுவர் அல்லர். வேறொரு பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். இந்த ஆட்டத்தில் அவர் நடுவர், அடுத்த ஆட்டத்தில் அவரே தம் அணியின் பயிற்சியாளர். இன்று எதிரணியின் முக்கிய வீரனை வெளியே அனுப்பினால், நாளை தம் அணி இறுதியாட்டத்துக்கு வருவதற்காகவே அப்படிச் செய்தார் என்ற பேச்சு எழும். வெளியே அனுப்பப்பட்ட மாணவனின் பள்ளியிலிருந்து தலைமையாசிரியரே தொலைபேசியில் அழைப்பார். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் எதிர்பார்க்கும் பெற்றோர், மாநிலப் போட்டிச் சான்றிதழ் போய்விடுமே என்று மன்றாடுவார்கள். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு மனிதர் தம் சொந்தத் துணிச்சலை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. கால்பந்து விதிகளின்படி, வீரருக்குக் கடுமையான காயம் என்று கருதினால் ஆட்டத்தை நிறுத்தி அவரை வெளியேற்றும் பொறுப்பு நடுவருக்கு ஏற்கெனவே உண்டு. ஆனால் வெளியே போனவர் ஆட்டம் தொடங்கியபின் மீண்டும் உள்ளே வரலாம். அந்த ஒரு வாசலைப் பள்ளிப் போட்டிகளில் தலைக்காயத்துக்கு மட்டும் அடைத்துவிட வேண்டும். “நான் என்ன செய்ய முடியும், உத்தரவு இப்படி” என்று நடுவர் சொல்லக்கூடிய ஒரு தாள் அவர் சட்டைப்பையில் இருந்தால், அவரும் காப்பாற்றப்படுவார், மாணவனும் காப்பாற்றப்படுவான்.

ஆகவே முதன்மைக் கல்வி அலுவலரும் மாவட்ட உடற்கல்வி ஆய்வாளரும் சேர்ந்து, போட்டி அட்டவணையுடன் ஒரு பக்கத்தில் இவ்வுத்தரவை இணைக்க வேண்டும் என்று வேண்டுகிறேன். தலைக்காயம் என்று நடுவர் சந்தேகித்தால் அவர் முடிவே இறுதியானது. பயிற்சியாளரோ பெற்றோரோ அதை மாற்றக் கோர முடியாது. அதன்மீது மேல்முறையீடும் கிடையாது. நடுவர் கவனிக்கத் தவறினால் இரு அணிகளின் பயிற்சியாளர்களில் எவரும், உடன் ஆடும் மாணவர்களும்கூட, அதைச் சுட்டிக்காட்டலாம். இதனால் அணி பலவீனப்படும் என்ற அச்சமே மறைப்பதற்குக் காரணமாகிவிடும் என்பதால், வெளியேற்றப்படுபவருக்குப் பதிலாக இறங்குபவரை வழக்கமான மாற்று வீரர் எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. சர்வதேசக் கால்பந்து விதிகளிலேயே 2024 முதல், விரும்பும் போட்டி அமைப்பாளர்கள் இத்தகைய கூடுதல் மாற்று வீரரை அனுமதிக்கலாம்.

கபடியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தூத்தூர், இனயம், குளச்சல் எனக் கடலோரம் முழுவதும் கால்பந்து என்றால், உள்நாட்டு ஊர்களில் கபடிக்குத்தான் கூட்டம் சேரும். பாடிச் சென்று பிடிபட்டவனின் மேல் நான்கைந்து பேர் ஒன்றாக விழும்போது அடியில் கிடப்பவன் தலை எந்த முழங்காலில் இடித்தது என்பது நடுவருக்கும் தெரியாது, பார்ப்பவர்களுக்கும் தெரியாது. கோட்டுக்கு வெளியே ‘டேஷ்’ அடித்துத் தள்ளப்படுபவன் பின்மண்டை தரையில் மோத விழுவதும் உண்டு. மேட் விரித்த அரங்கில் ஆடுவது வேறு, மழைக்குப் பின் இறுகிப்போன மண் தரையில் ஆடுவது வேறு. எனவே கபடியில், குவியலிலிருந்து எழும் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்த பிறகே அடுத்த பாட்டுக்கு விசில் ஊதும் பழக்கம் நடுவர்களுக்கு வேண்டும். மாணவியர் அணிகளில், “சாரிடம் எப்படிச் சொல்வது” என்ற தயக்கத்தில் தலைவலியையும் குமட்டலையும் மறைப்பவர்கள் உண்டு. அவர்களுடன் ஓர் ஆசிரியை கட்டாயம் இருக்க வேண்டும்.

வெளியேற்றியபின் என்ன என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். அடிபட்ட மாணவனை முதல் சில மணி நேரம் தனியே விடக் கூடாது. அவனைத் தனியாகப் பேருந்தில் ஏற்றி அனுப்பக் கூடாது. தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, மீண்டும் மீண்டும் வாந்தி வந்தாலோ, வலிப்பு, கழுத்துவலி, கைகால் மரத்துப்போதல், பார்வை இரண்டாகத் தெரிதல், மயக்கம், இயல்புக்கு மாறான பதற்றம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலோ உடனே 108ஐ அழைக்க வேண்டும். கழுத்தில் அடி என்று சந்தேகம் இருந்தால், பயிற்சி பெற்றவர் வரும்வரை அவனை அசைக்கவே கூடாது. நீரோடி, கொல்லங்கோடு பகுதி மைதானத்திலிருந்து மார்த்தாண்டம் நெரிசலைக் கடந்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்பது அவ்வழியில் பயணிப்பவர்களுக்குத் தெரியும். எனவே ஸ்கேன் வசதியுள்ள அண்மை மருத்துவமனை எது, அங்கே யாரை அழைப்பது என்பதை ஒவ்வொரு மைதானத்திலும் ஆட்டம் தொடங்கும் முன்பே எழுதி ஒட்டிவிட வேண்டும்.

மீண்டும் ஆட வருவதற்கும் படிகள் உண்டு. விளையாட்டுத் தலைக்காயம் குறித்து 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய சர்வதேச வல்லுநர்களின் பரிந்துரைப்படி, முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வும் இலேசான அன்றாட நடமாட்டமும், பிறகு நடை, மெல்லோட்டம், மோதல் இல்லாத பயிற்சி என ஆறு படிகளாக, படிக்குக் குறைந்தது ஒரு நாள் என்ற கணக்கில் முன்னேற வேண்டும். மோதலுள்ள பயிற்சிக்கு முன் மருத்துவரின் அனுமதி வேண்டும். இந்த நாட்களில் வகுப்பாசிரியருக்கும் செய்தி போக வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்வேன். வெளிச்சம் கண்ணை உறுத்தும், இரண்டு பக்கம் படித்தால் தலை வலிக்கும், படித்தது மனத்தில் நிற்காது. காலாண்டுத் தேர்வு நெருங்கும் நேரத்தில் இந்நிலையில் இருக்கும் மாணவனை, விளையாடப் போய்ப் படிப்பில் கோட்டைவிட்டவன் என்று வகுப்பில் நிறுத்தி ஏசுவது அவனுக்கு இரண்டாவது அடி.

இவற்றுக்குப் பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. போட்டிகளுக்கு முன் நடக்கும் உடற்கல்வி ஆசிரியர் கூட்டத்தில், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையிலிருந்து ஒரு மருத்துவரை அழைத்து அரை நாள் பயிற்சி அளித்தால் போதும். மருத்துவர் அல்லாதவர்களுக்கென்றே ஆம்ஸ்டர்டாம் குழு வெளியிட்ட சிறிய அறிகுறித் தாளைத் தமிழாக்கி, தூத்தூர் மைதானத்திலிருந்து நாகர்கோவில் அறிஞர் அண்ணா விளையாட்டரங்கம்வரை ஒவ்வொரு நடுவர் கையிலும் கொடுத்துவிடலாம். பெற்றோர் ஒப்புதல் படிவத்தின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது. அங்கேயும் அதை அச்சிடலாம். இவ்வாண்டுப் போட்டி அட்டவணை வெளியாகும் முன் இதைச் செய்யுமாறு மாவட்டக் கல்வித் துறையையும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்டப் பிரிவையும் தங்கள் நாளிதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி இயக்குநர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.