கொள்ளிடத்தின் மணலை அளந்த பிறகே குவாரி: மாவட்ட ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
கொள்ளிடம் வடகரைக் கிராம விவசாயிகள், பொதுமக்கள்,
அரியலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
அரியலூர் மாவட்டம்.

பொருள்: கொள்ளிடம் ஆற்றில் மணல் இருப்பை அளந்து, அந்த அளவை ஊரறிய வெளியிட்ட பிறகே புதிய மணல் குவாரி குறித்து முடிவெடுக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊர் கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது. ஊரை ஒட்டிய படுகையில் மறுபடியும் மணல் குவாரி திறக்கப் போவதாகப் பேச்சு எழுந்திருக்கிறது. இடம் பார்க்க ஆட்கள் வந்து போகிறார்கள். கரையிலிருந்து ஆற்றுக்குள் இறங்கும் வண்டிப்பாதையில் கிராவல் கொட்டப்பட்டிருக்கிறது. முறையான அறிவிப்பு எதுவும் ஊராட்சிக்கு வந்து சேரவில்லை. எல்லாம் முடிவான பிறகு சாலையில் உட்கார்வதைவிட, முடிவெடுக்கும் முன்பே தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவதுதான் முறை என்று ஊர்ப் பொதுக்கூட்டத்தில் பேசி இந்த மனுவை அளிக்கிறோம்.

எங்கள் கோரிக்கை அடிப்படையில் ஒன்றுதான். ஆற்றில் இப்போது எவ்வளவு மணல் இருக்கிறது, ஆண்டுக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பதை முதலில் அளக்க வேண்டும். அளக்காமல் அள்ள அனுமதிக்கக் கூடாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறோம் என்றால், முன்பு எங்கள் படுகையில் குவாரி நடந்தபோது கண்டது அப்படி. அனுமதி ஆணையில் பரப்பும் ஆழமும் எழுதப்பட்டிருந்தன. எல்லைக்குக் கொடியும் நட்டார்கள். தொடக்கத்தில் கொடிக்குள்ளேயே வேலை நடந்தது. பிறகு நல்ல மணல் கிடைத்த பக்கமெல்லாம் பொக்லைன் நகர்ந்தது. கொடிகளும் அதன் பின்னாலேயே நகர்ந்தன. ஒரு மீட்டர் ஆழம் என்று எழுதியிருந்த இடத்தில், உள்ளே நிற்கும் லாரி கரையிலிருந்து பார்த்தால் தெரியாத அளவுக்குப் பள்ளம் விழுந்தது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு லாரிகள் கரையேறின. ஒரு லோடு மணலுக்குத் தரும் ஒரே நடைச்சீட்டை வைத்துக்கொண்டு எத்தனை நடை அடித்தோம் என்று ஓட்டுநர்களே டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

குவாரி மூடிய பிறகு, மொத்தம் எவ்வளவு மணல் எடுக்கப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டோம். வழங்கப்பட்ட நடைச்சீட்டுகளைக் கூட்டி, இத்தனை யூனிட் என்று பதில் வந்தது. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஆனால் அந்தப் பதில் சீட்டுகளின் கணக்கே தவிர ஆற்றின் கணக்கு அன்று. பள்ளத்தின் நீள அகல ஆழத்தை யாரும் அளக்கவில்லை. குவாரி தொடங்கும் முன் ஆற்றின் மட்டம் என்னவாக இருந்தது என்பதற்கும் பதிவு இல்லை. கூடுதலாக அள்ளிவிட்டார்கள் என்று நாங்கள் சொன்னபோது, அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டார்கள். முன்னளவே இல்லாத இடத்தில் எந்த ஊர்க்காரரால் ஆதாரம் காட்ட முடியும்?

குதிரில் நெல் எவ்வளவு இருக்கிறது என்று பாராமல் நாள்தோறும் மரக்கால் மரக்காலாக அளந்து போடும் குடும்பம் எத்தனை நாள் தாங்கும்? ஆற்றிடம் நாம் அப்படித்தான் நடந்துகொண்டு வருகிறோம்.

எங்கள் ஊருக்கும் அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் குடிநீர் தரும் உறைகிணறு ஆற்றுக்குள் இருக்கிறது. அது கட்டப்பட்டபோது மேல் உறையின் விளிம்பு மட்டும்தான் மணலுக்கு வெளியே தெரிந்தது. மாடு மேய்க்கப் போன பிள்ளைகள் அதன்மேல் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருப்பார்கள். இன்று அதே உறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஆளுயரத்துக்கும் மேலே நிற்கின்றன. மோட்டார் இயக்குபவர் இரும்பு ஏணி சாத்தித்தான் ஏற வேண்டியிருக்கிறது. இரண்டு உறைகள் சேரும் இடத்தில் பூசிய சிமெண்ட் பெயர்ந்துவிட்டதால், வெள்ளம் வரும்போது கலங்கல் தண்ணீர் அந்த இடுக்கு வழியே நேராகக் கிணற்றுக்குள் இறங்குகிறது. சுற்றிலும் மணல் இருந்த காலத்தில் அந்த மணலே தண்ணீரை வடிகட்டிக் கொடுத்தது. இப்போது தெருக்குழாயில் பழுப்பு நிறத்தில் வருவதைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சிக் குடிக்கிறோம்.

பாசன வாய்க்காலின் கதையும் இதுதான். ஆற்றின் மட்டம் இறங்கிவிட்டது. வாய்க்கால் தலைப்பு பழைய உயரத்திலேயே நிற்கிறது. கொள்ளிடத்தில் தண்ணீர் ஓடினாலும் மதகைத் தொடுவதில்லை. கண்ணெதிரே தண்ணீர் போய்க்கொண்டிருக்க, நாங்கள் ஆயில் என்ஜின் வைத்து இறைத்துக்கொண்டிருக்கிறோம். வடகரையில் நெல்லும் கரும்பும் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணறுகளை நம்பியவை. ஆற்று மணல் உறிஞ்சி வைத்திருக்கும் நீர்தான் பக்கவாட்டில் ஊறி அந்தக் கிணறுகளுக்கு வருகிறது. மணல் குறையக் குறைய, குழாயை இன்னும் கீழே இறக்க வேண்டியிருக்கிறது. அதற்கு வாங்கும் கடனை எந்தக் குவாரிக் கணக்கிலும் காட்ட மாட்டார்கள்.

மணல் முழுவதும் போன இடங்களில் அடியில் இருந்த களி வெளியே வந்துவிட்டது. களியில் தண்ணீர் இறங்காது. அங்கே சீமைக் கருவேலமும் நாணலும் மண்டி, நீரோட்டம் கரைப் பக்கம் திரும்பி, பட்டா நிலங்களை அரித்துக்கொண்டிருக்கிறது.

வெள்ளம் வந்தால் மணல் தானாக நிரம்பிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு காலத்தில் அது உண்மையாக இருந்திருக்கலாம். 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பிறகு, மேலேயிருந்து வரும் மணலில் பெரும்பகுதி அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அதற்குக் கீழே முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம் ஒரு வெள்ள வடிகால். உபரி நீர் திறக்கும் நாட்களில் மட்டுமே இதில் முழு ஓட்டம் இருக்கும். உபரி இல்லாத ஆண்டில் மணலும் வராது. ஆனால் லாரிகள் மட்டும் எல்லா ஆண்டும் வருகின்றன.

2018 ஆகஸ்ட் மாதத்தைத் தங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். அம்மாதம் 22-ஆம் தேதி முக்கொம்பு கொள்ளிடம் கதவணையில் 9 மதகுகள் உடைந்து போயின. அதே மாதத்தில் திருச்சியில் 1928-இல் கட்டப்பட்ட பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்கள் வெள்ளத்தில் சாய்ந்தன. அவற்றுக்கு மணல் அள்ளியது மட்டுமே காரணம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கட்டுமானங்களின் வயதும் வெள்ளத்தின் வேகமும் இருந்தன. ஆற்றின் அடி தாழ்ந்தால் தூண்களின் பிடிமானம் குறையும் என்பதை மட்டும் எந்தப் பொறியாளரும் மறுக்க மாட்டார். நம் மாவட்டத்திலிருந்து தஞ்சை மாவட்டத்துக்குப் போகும் பாலங்களும் இதே ஆற்றில்தான் நிற்கின்றன.

சட்டம் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், பாலங்களிலிருந்தும் குடிநீர்க் கிணறுகள், நீரேற்று நிலையங்களிலிருந்தும் 500 மீட்டர் சுற்றளவுக்குள் மணல் எடுக்கத் தடை விதிக்கின்றன. இடம் பார்க்க வந்தவர்கள் கைகாட்டிய பகுதி எங்கள் உறைகிணற்றிலிருந்து கூப்பிடு தூரம்தான். அந்தத் தூரத்தை அளக்க ஒரு நில அளவர் போதும். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2016, 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள், 3 மீட்டர் அல்லது நீர்மட்டம், இவற்றில் எது குறைவோ அதற்குக் கீழே தோண்டக் கூடாது என்கின்றன. எடுத்த மணல் எவ்வளவு மீண்டும் சேர்கிறது என்பதை ஆய்வு செய்ய வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. அந்த ஆய்வு இல்லாமல் மணல் குவாரிக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தர முடியாது என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் உறுதிபடக் கூறிவிட்டது. நாங்கள் கேட்பது அந்த ஆய்வைத்தான். புதிதாக எதையும் கேட்கவில்லை.

மாவட்டத்தில் எங்கே எவ்வளவு மணல் இருக்கிறது என்று சொல்லும் மாவட்டக் கனிம ஆய்வறிக்கையின் வரைவை ஆட்சியர் அலுவலகத்திலும் மாவட்ட இணையதளத்திலும் 21 நாட்கள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது அதே அமைச்சகத்தின் 2016 ஜனவரி 15 அறிவிக்கையில் இருக்கிறது. ஆங்கிலத்தில் பல பக்கங்களுக்கு நீளும் அறிக்கையை இணையத்தில் ஏற்றிவிட்டால் எங்கள் ஊரில் எத்தனை பேர் படிப்பார்கள் என்பதைத் தாங்களே அறிவீர்கள். எந்த ஊர், எந்தச் சர்வே எண், எத்தனை கன மீட்டர், எவ்வளவு ஆழம் என்ற விவரங்களைத் தமிழில் ஒரே தாளில் எழுதி, ஊராட்சி அலுவலகத்திலும் நியாயவிலைக் கடையிலும் ஒட்டச் சொல்லுங்கள். கிராம சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். ஊரே கண்காணிக்கும்.

மணலே எடுக்கக் கூடாது என்பது எங்கள் நிலை அன்று. எங்கள் பிள்ளைகளும் வீடு கட்ட வேண்டும். கரையோரக் கிராமங்களில் மாட்டு வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பல இருக்கின்றன. மண்வெட்டியால் அள்ளி, கூடையில் சுமந்து, ஒரு வண்டி நிரப்ப அவர்கள் படும் பாட்டை நாங்கள் பார்க்கிறோம். அவர்களால் ஆறு அழிந்ததில்லை. ஆனால் சோதனை என்று வந்தால் முதலில் பிடிபடுவது அந்த மாட்டு வண்டிகள்தான். மாடு காவல் நிலைய வாசலில் பட்டினி கிடக்கும். அளவீட்டில் எடுக்கத் தகுந்த மணல் இருப்பதாகத் தெரிந்தால், அது முதலில் இவர்களுக்குப் போகட்டும். இயந்திரம் ஆற்றுக்குள் இறங்க வேண்டாம்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்ற கேள்வி வரலாம். நம் மாவட்டம் சுண்ணாம்புக்கல்லுக்குப் பெயர் பெற்றது. கல் போன இடத்தில் பெரும் பள்ளங்களும், அது போகும் வழியில் புழுதியும் எங்களுக்கு மிஞ்சியிருக்கின்றன. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்காகவே 1957-ஆம் ஆண்டு சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் 9-பி பிரிவு மாவட்டக் கனிம அறக்கட்டளையை உருவாக்கியிருக்கிறது. குடிநீரும் சுற்றுச்சூழலும் அந்த அறக்கட்டளை நிதியின் முன்னுரிமைப் பணிகளில் இருக்கின்றன. ஆற்றின் மட்டத்தை அளக்கவும், வெளியே நிற்கும் உறைகிணற்றைச் சீரமைக்கவும் அதிலிருந்து ஒதுக்குவது முற்றிலும் பொருத்தமானது என்று கருதுகிறோம்.

ஒன்றைத் தயக்கத்தோடு சொல்கிறோம். மணல் பற்றிப் புகார் கொடுத்தவரின் பெயர் அன்று மாலையே லாரிக்காரர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கடத்தலைப் புகார் செய்த கிராம நிர்வாக அலுவலர் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அரசு நாற்காலியில் இருந்தவருக்கே அந்தக் கதி என்றால் எங்களைப் போன்றவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. புகார் கொடுப்பவரின் பெயர் வெளியே போகாதபடி தங்கள் நேரடிப் பொறுப்பில் ஒரு தொலைபேசி எண் வேண்டும். திருட்டு மணலைப் பிடித்தால் அபராதத்தோடு வண்டியை விட்டுவிடும் வழக்கமும் நிற்க வேண்டும். கனிமச் சட்டத்தோடு சேர்த்துத் திருட்டுக் குற்றமாகவும் வழக்குத் தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே தெளிவுபடுத்திவிட்டது.

ஆகவே தங்களை வேண்டுவது இதுதான். மேட்டூரிலிருந்து வழக்கமாகத் தண்ணீர் திறக்கும் ஜூன் 12-க்கு முன், ஆறு வற்றியிருக்கும்போது, எங்கள் படுகையின் குறுக்கே மட்டம் எடுத்து, நிலையான கல் நட்டு, அளவைப் பதிவு செய்ய வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஜனவரியில் அதே கற்களிலிருந்து மறுபடி அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் ஆறு நமக்குத் தந்த மணல். அளக்கும் நாளை ஊராட்சிக்கு முன்கூட்டியே தெரிவித்தால், எங்கள் ஊரிலிருந்து சங்கிலி பிடிக்கவும் கல் சுமக்கவும் ஆட்கள் வருவார்கள், கூலி வேண்டாம். அந்த இரண்டாவது அளவு வரும்வரை, உறைகிணற்றைச் சுற்றிய படுகையில் எந்தக் குவாரிக்கும் அனுமதி தர வேண்டாம்.

கோடையில் ஒருநாள் தாங்களே நேரில் வந்து அந்தக் கிணற்றைப் பார்வையிட்டால் பெரிதும் நன்றியுடையவர்களாக இருப்போம். இம்மனு மீது எடுக்கப்படும் நடவடிக்கையை ஊராட்சி வழியாக எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வடகரைக் கிராம விவசாயிகள், மாட்டு வண்டித் தொழிலாளர்கள், பொதுமக்கள்

இணைப்பு: ஊர்ப் பொதுக்கூட்டத் தீர்மான நகல், உறைகிணறு, வாய்க்கால் தலைப்பு ஆகியவற்றின் புகைப்படங்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பெற்ற பதிலின் நகல், கையொப்பப் பட்டியல்.