சர்வர் நன்றாகத்தான் இருந்தது, மாப்பிள்ளை

மாப்பிள்ளை,

போன வருடம் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் அக்னிவீர் விண்ணப்பத்தின் கடைசி நாளன்று சர்வர் வேலை செய்யவில்லை என்று உன்னிடம் சொன்னேன். சர்வர் நன்றாகத்தான் இருந்தது. நீ சொன்ன ஓ.டி.பி.யைப் போட்டு உள்ளே போனேன். உன் பெயர், பிறந்த தேதி எல்லாம் அடித்தேன். போட்டோவும் ஏற்றினேன். அப்புறம் மூடிவிட்டேன். "இன்னொரு தடவை பாருங்க மாமா" என்று ராத்திரி 11 மணிவரை கேட்டுக்கொண்டே இருந்தாய். நானும் பார்ப்பது மாதிரியே பார்த்தேன்.

நேரில் சொல்ல இரண்டு தடவை கிளம்பி வந்து, உன் தெருமுனையிலேயே திரும்பிவிட்டேன். இங்கே எழுதினால் நீ படிப்பாய். உன் அம்மாவும் படிப்பாள், என் பழைய யூனிட்காரர்களும் படிப்பார்கள். அதனால் சில இடங்களில் ஊர் பேர், ஆள் பேர் இருக்காது. பொறுத்துக்கொள்.

வயது வரம்பு போட்ட வேலையில் ஒரு வருடம் என்பது சின்ன விஷயமில்லை. அதை உன்னிடமிருந்து எடுத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை? தப்புதான். ஆனால் அன்றைக்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை. உன்னிடம் நான் சொன்ன பட்டாளக் கதையெல்லாம் லீவில் வந்து சொன்ன கதை. பனி, பரேடு, பெரிய கானா என்கிற யூனிட் விருந்து, சக ஜவான்களின் சேட்டை. சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.

2001 குளிர்காலம். எனக்கு மூன்று வருட சர்வீஸ். லீவு முடிந்து 19 நாள் கழித்து வந்த ஒரு பையனைக் குவார்ட்டர் கார்டில், அதாவது யூனிட் காவல் அறையில், வைத்திருந்தார்கள். அவன் ஏன் தாமதித்தான் என்பதை எழுதமாட்டேன், அவன் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அந்த ராத்திரி காவலுக்கு நிற்கும் சென்ட்ரி டியூட்டி எனக்கு. கம்பிக்கு அந்தப் பக்கம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெல்ட்டையும் பூட்ஸ் லேஸையும் கழற்றி வாங்கிவிட்டார்கள். லேஸ் இல்லாத பூட்ஸின் நாக்கு இரண்டும் வெளியே தொங்கின. அவன் எழுந்து நடந்தபோது பூட்ஸ் கழன்றுவிடாமல் இருக்கக் காலைத் தரையோடு இழுத்து இழுத்து நடந்தான். ஓட்டத்தில் எங்கள் கம்பெனியில் அவனை முந்த ஆளில்லை.

தகர மக்கில் டீ கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கேட்டான்: "அண்ணே, சேரும்போது எதுலண்ணே கையெழுத்துப் போட்டோம்? நீங்க படிச்சீங்களா?"

சென்ட்ரி பேசக் கூடாது என்பது விதி. நான் பேசாமல் நின்றதற்கு அது காரணமில்லை. நானும் படித்ததில்லை. கிளார்க் விரல் வைத்த இடத்தில் எல்லாம் போட்டேன். தரை வழியோ கடல் வழியோ ஆகாய வழியோ, எங்கே அனுப்பினாலும் போவேன், உயிரே போனாலும் மேலதிகாரி கட்டளையை மீறமாட்டேன் என்று உறுதிமொழி எடுத்திருந்தேன். சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொன்னேன், அவ்வளவுதான். 1950-ஆம் வருட ராணுவச் சட்டத்தில் 39-ஆம் பிரிவு என்று ஒன்று இருப்பதும், லீவு தாண்டினால் மூன்று வருடம்வரை சிறை என்று அதில் எழுதியிருப்பதும் அதற்கப்புறம்தான் எனக்குத் தெரியும். கமாண்டிங் ஆபீசரே 28 நாள்வரை உள்ளே வைக்கலாம். அவனுக்கு 28 நாள் கிடைத்தது. வெளியே வந்து என்னைவிட நல்ல சிப்பாயாக இருந்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மற்ற வேலை பிடிக்கவில்லை என்றால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம். இங்கே முடியாது. நீ எழுதிக் கொடுப்பது அந்த உரிமையைத்தான். உன் தாத்தா இறந்தபோது நான் எப்போது வந்து சேர்ந்தேன் என்பது உனக்கே தெரியும்.

நீ அன்று கேட்டாயே, "பென்ஷன் வாங்கிட்டு, கேன்டீன் சாமான் வாங்கிட்டு, என்னை மட்டும் போகாதேங்கிறீங்களா?" என்று. அத்தனை பேர் முன்னால். உன்னை ஆறு வயதில் தோளில் வைத்து ரயிலடிக்குத் தூக்கிப் போனவனிடம். ஏழு மாதமாக அந்த வார்த்தை தொண்டையில் நிற்கிறது.

ஆனால் கேள்வி நியாயமானதுதான். நான் 15 வருடம் முடித்தால் பென்ஷன் என்ற காலத்தில் சேர்ந்தவன். நீ சேரப்போவது 2022 ஜூனில் அறிவித்த திட்டத்தில். நாலு வருடம். அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்குப் பென்ஷன், கிராஜுவிட்டி கிடையாது. முன்னாள் ராணுவத்தினர் என்ற அந்தஸ்து இல்லை, அதனால் நீ குத்திக்காட்டிய கேன்டீன் கார்டும் இல்லை. அறிவித்த கணக்குப்படி முதல் வருடம் மாதம் 30,000. அதில் 9,000-ஐ நிதிக்குப் பிடித்துக்கொண்டு 21,000 கையில் வரும். கடைசியில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம், வரி இல்லை. பெரிய தொகைதான். ஆனால் அதில் பாதி உன் சம்பளத்தில் பிடித்தது. உன் நண்பர்கள் அந்தத் தொகையை மட்டும் சொல்கிறார்கள், மீதியை யாரும் சொல்வதில்லை.

அந்த நாலு வருடம் முடியும்போது உனக்கு 24 வயதுகூட ஆகியிருக்காது. மத்திய ஆயுதப்படைகளில் இட ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கும் நீ பரீட்சை எழுதி நிற்க வேண்டும். அதனால் பாதியில் விட்ட டிகிரியைத் தபால் வழியிலாவது தொடர். டியூட்டி முடிந்து படுத்தால் புத்தகம் பிடிக்கக் கை வராது, தெரியும். இருந்தாலும் பிடி.

இன்னொன்று. என் வலது முழங்காலைப் பற்றிக் கபடியில் விழுந்தது என்றுதான் வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். பொய். ரோந்தில் விழுந்தது. மெடிக்கல் கேட்டகரி குறைந்துவிடும், புரமோஷன் போய்விடும் என்று பயந்து, யூனிட் டாக்டர் பார்க்கும் எம்.ஐ. ரூமுக்கே போகவில்லை. இன்ஜுரி ரிப்போர்ட் இல்லை. வெளியே வரும்போது மெடிக்கல் போர்டு முன்னால் நின்றேன், காட்டுவதற்குக் காகிதம் இல்லை. நீ அடிபட்டால் அன்றைக்கே போய்ப் பதிவு செய். பயிற்சி கொடுக்கிற உஸ்தாத் சிரித்தாலும் போ, பக்கத்துக் கட்டில்காரன் கிண்டல் பண்ணினாலும் போ. சர்வீஸால் வந்த ஊனம் என்று காகிதம் சொன்னால்தான் உனக்கு இழப்பீடு. உன் வலி அங்கே சாட்சி ஆகாது.

ஆள் சேர்ப்புக்குக் காசு கேட்கிறவன் யாராக இருந்தாலும் நம்பாதே. என் பேரைச் சொல்லி வந்தாலும்.

யூனிட்டைப் பற்றி இன்னும் சில சொல்லலாம். இங்கே வேண்டாம். அந்தச் சீருடை எனக்குச் சோறு போட்டது, என்னை மனுஷனாக நிற்க வைத்தது. இன்னொரு தடவை 18 வயது கொடுத்தால் மறுபடியும் போவேன். ஆனால் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவேன்.

ஒரு மாதமாக நீ விடிகாலையில் ஓடுவதை மாடியிலிருந்து பார்க்கிறேன். கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டுதான் நிற்கிறேன். நேற்று 1.6 கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 38 வினாடி. முழு மதிப்பெண்ணுக்கு 5.30 வேண்டும். மூன்றாவது சுற்றில் தோளை இறுக்கிக்கொள்கிறாய், அங்கேதான் எட்டு வினாடி போகிறது.

இந்த வருட விண்ணப்பத்தை நாம் சேர்ந்தே போடுவோம். நிபந்தனைகள் முழுவதையும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வரியாக நீ சத்தமாகப் படி. புரியாத இடத்தில் நிறுத்து. உன் அம்மாவும் உட்காரட்டும், கண்ணாடியை எடுத்துவரச் சொல். எல்லாம் படித்த பிறகும் போகிறேன் என்றால் கடைசிப் பட்டனை நானே அழுத்துகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை முடித்துவிட்டு அப்படியே வா. குளித்துவிட்டு வரவேண்டும் என்றில்லை.

மாமா